சக்கரம் ஏன் உதறுகிறது?

பெரிய லாரிச் சக்கரங்களைச் சமன் செய்வது பற்றி ஒரு பேச்சு



ஒரு தேங்காயைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உரிக்காத தேங்காய். அது மிதக்கும். கையால் உருட்டிவிட்டால் உருளும். கையை எடுத்ததும் மெல்லத் திரும்பி, முதலில் இருந்த பக்கமே மேலே வந்து நிற்கும். எத்தனை முறை உருட்டினாலும் அப்படித்தான். காரணம் எளிது. தேங்காயின் ஒரு பக்கம் கனம். கனமான பக்கம் எப்போதும் கீழே போகும்.

இன்றைய பேச்சு லாரிச் சக்கரத்தைப் பற்றியது. தேங்காய்க்கும் லாரிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு இருக்கிறது.

நம் தீவுகளில் ரயில் கிடையாது. அரிசி, சிமென்ட், இரும்பு, டீசல் எல்லாம் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று ஊர்களிலிருந்து கப்பலில் வருகின்றன. கப்பல் துறைமுகத்தோடு நின்றுவிடும. அதற்குப் பிறகு லாரிதான். முன்பு காட்டு மரத்தை யானை இழுத்து வந்து போடும். லாரி ஏற்றிக்கொண்டு போகும். சாத்தம் தீவில் 1883-ல் தொடங்கிய மர ஆலைக்கு மரம் அப்படியும் போய்ச் சேர்ந்தது. இன்று வீடு கட்டவும் சாலை போடவும் கல்லும் மண்ணும் சுமக்கும் டிப்பர் லாரிகளே அதிகம்.

இந்த லாரிகள் இரண்டு வாழ்க்கை வாழ்கின்றன. காலையில் சேற்றிலும் கல்லிலும் ஊர்ந்து போகின்றன. மாலையில் தார்ச்சாலையில் ஓடுகின்றன. சேற்றில் ஓடும் சக்கரத்துக்கு ஒரு குணம் வேண்டும். தாரில் ஓடும் சக்கரத்துக்கு வேறு குணம் வேண்டும். ஒரே சக்கரம் இரண்டையும் செய்ய வேண்டியிருக்கிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

தெற்கு அந்தமானில், ஃபெரார்கஞ்ச் வட்டத்தில் உள்ள நம் சௌல்தாரியில் ஒரு டிப்பர் ஓட்டுநர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அவரிடம் ஒரு கிளீனர் பையன் வேலை செய்கிறான். மழைக்காலம். நம் ஊர் மழைதான் தெரியுமே. மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. ஆள் உயரத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேலான தண்ணீர் அது.

மூன்று நாள் சேற்றில் கல் அடித்த பிறகு, நான்காம் நாள் வெறும் வண்டியோடு தார்ச்சாலையில் போகிறார்கள். வேகம் 50-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் உதறுகிறது. கை நடுங்குகிறது. கண்ணாடி கடகடக்கிறது. வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடுகிறது. மறுபடி கூட்டினால் மறுபடி உதறுகிறது.

"அண்ணே, முன் டயர் போயிருச்சு. மொதலாளிகிட்ட சொல்லிப் புதுசு வாங்கிரலாம்" என்கிறான் பையன்.

புது டயர் என்றால் சும்மாவா? அது கடலைத் தாண்டி 1,200 கிலோமீட்டர் வர வேண்டும். விலையோடு கப்பல் கூலியும் சேரும். கடையில் இருப்பு இல்லை என்றால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். வண்டி நின்றால் ஓட்டுநருக்குக் கூலி இல்லை. பையனுக்கும் இல்லை.

ஓட்டுநர் வண்டியை ஒரு பஞ்சர் கடையில் நிறுத்துகிறார். கடைக்காரர் வயதானவர். எல்லாரும் அவரை மிஸ்திரி என்று கூப்பிடுவார்கள். தமிழரும் வங்காளியும் மலையாளியும் ராஞ்சிக்காரரும் கலந்து வாழும் ஊரில் எல்லாருக்கும் பொதுவான சொல் அது.

மிஸ்திரி டயரைப் பார்க்கவில்லை. கீழே குனிந்து ரிம்மின் உட்பக்கத்தைப் பார்க்கிறார். அங்கே பிரேக் டிரம்மைச் சுற்றி, ரிம்மின் உள் வளைவில், சேறு காய்ந்து கல் போல ஒட்டியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும். வண்டி இரவில் நின்றபோது ஈரச் சேறு கீழே இறங்கி, ஒரே இடத்தில் சேர்ந்து காய்ந்துவிட்டது.

"தம்பி, டயருக்கு அப்புறம் காசு கொடுக்கலாம். மொதல்ல சக்கரத்தைக் கழுவு" என்கிறார்.

பையன் கம்பியால் சுரண்டுகிறான். சுரண்டிய மண்ணை ஒரு டின்னில் போட்டுத் தூக்கிப் பார்க்கிறார்கள். ஒரு கிலோ இருக்கும்.

ஒரு கிலோ மண் என்ன செய்யும்? லாரிச் சக்கரமே 100 கிலோ இருக்கிறதே? இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பயப்பட வேண்டாம், எளிய கணக்குதான்.

ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றுங்கள். கல் கையை வெளியே இழுக்கும். மெதுவாகச் சுழற்றினால் மெதுவாக இழுக்கும். வேகம் கூடினால் இழுப்பும் கூடும். எப்படிக் கூடும்? வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் இழுப்பு ஒன்பது மடங்காகும்.

ரிம்மில் ஒட்டிய மண்ணும் அந்தக் கல்லைப் போலத்தான். சக்கரத்தின் நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு கிலோ மண் ஒட்டியிருக்கிறது என்று கொள்வோம். வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அந்த மண் சக்கரத்தைச் சுமார் 3 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். ஓட்டுநருக்கு அது தெரியாது. வேகம் 40 ஆனால் சுமார் 12 கிலோ. வேகம் 60 ஆனால் சுமார் 28 கிலோ.

அந்த 28 கிலோ ஒரே திசையில் இழுப்பதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரிச் சக்கரம் ஒரு நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை மேலே தூக்கும், ஒரு முறை கீழே குத்தும். ஒரு ஆள் நொடிக்கு ஐந்து முறை சம்மட்டியால் அச்சை அடிப்பது போல. பத்து நிமிடம் ஓடினால் 3,000 அடி.

சேற்றில் உதறாத வண்டி தாரில் ஏன் உதறியது என்று இப்போது விளங்குகிறதா? சேற்றிலும் மண் ஒட்டித்தான் இருந்தது. ஆனால் வேகம் 15, 20-க்கு மேல் போகவில்லை.

இன்னொன்றும் ஓட்டுநர்கள் சொல்வார்கள். "55-ல் உதறுது, 70-ல் சரியாயிடுது" என்பார்கள். அதுவும் உண்மைதான். ஊஞ்சலை அது ஆடும் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் உயரமாக ஆடும். தாளம் மாறித் தள்ளினால் அவ்வளவு ஆடாது. வண்டியின் வில்லுக்கும் அச்சுக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. சக்கரத்தின் அடி அந்தத் தாளத்தோடு சேரும் வேகத்தில் உதறல் மிக அதிகம். வேகம் அதைத் தாண்டினால் கையில் உதறல் குறைந்தது போலத் தெரியும். ஆனால் அடி குறையவில்லை, கூடிக்கொண்டுதான் போகிறது. பேரிங்கும் கிங்பின்னும் அதை வாங்கிக்கொள்கின்றன. ஆகவே வேகமாகப் போய் உதறலைத் தாண்டிவிடுவது மருந்து ஆகாது.

இதை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும்? முதலில் டயர் மேடு பள்ளமாகத் தேயும். பிறகு வீல் நட்டு இளகும். இளகிய நட்டு போல்ட்டின் மரையைத் தின்னும். ஒரு போல்ட் முறிந்தால் அதன் பாரம் மற்றவற்றின் மேல் விழும். பிறகு அவையும் ஒவ்வொன்றாகப் போகும்.

அந்தமான் நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். தெற்கே போர்ட் பிளேரிலிருந்து, அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊரிலிருந்து, வடக்கே திக்லிபூர் வரை சுமார் 330 கிலோமீட்டர். ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஜாரவா மக்களின் காடு. அங்கே வண்டிகள் வரிசையாக, காவலோடுதான் போக வேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது. அது அந்த மக்களின் வீடு. அவர்கள் நலத்துக்காகவே அந்தச் சட்டம். அந்த இடத்தில் ஒரு லாரியின் சக்கரம் கழன்றால் வரிசை முழுவதும் நிற்கும். வண்டியில் இருப்பவர்களுக்கும் ஆபத்து, காட்டில் இருப்பவர்களுக்கும் தொல்லை.

மறுபடி பஞ்சர் கடைக்கு வருவோம்.

மண்ணைச் சுரண்டிவிட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். உதறல் பாதி குறைந்தது. முழுவதும் போகவில்லை. மிஸ்திரி இப்போது வண்டிக்கு ஜாக்கி போடச் சொல்கிறார். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கிறார்கள். அச்சை ஜாக்கியின் மேல் மட்டும் நம்பி விடுவதில்லை. அச்சுக்கு அடியில் கனமான மரக்கட்டை அடுக்குகிறார்கள்.

முதலில் சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பார்க்கிறார். லொடலொடத்தால் பேரிங் அல்லது கிங்பின் தேய்ந்திருக்கும். அந்தக் கோளாறை வைத்துக்கொண்டு சக்கரத்தில் எவ்வளவு ஈயம் ஒட்டினாலும் பயனில்லை. இந்த வண்டியில் ஆட்டம் இல்லை.

அடுத்து ஒரு சாக்பீஸை டயரின் அருகே அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுகிறார். டயர் சரியான வட்டமாக இருந்தால் சாக்பீஸ் சுற்றிலும் ஒரே மாதிரி உரசும். இங்கே ஒரு பக்கம் மட்டும் வெள்ளைக் கோடு விழுகிறது. மறுபக்கம் சாக்பீஸ் படவே இல்லை.

இது வேறு நோய். முன்பு சொன்னது எடைக் கோளாறு. இது வடிவக் கோளாறு. எடை எல்லாப் பக்கமும் சமமாக இருந்தாலும், சக்கரம் வட்டமாக இல்லை என்றால் வண்டி குதிக்கும். முட்டையை உருட்டினால் எப்படிப் போகும்? அப்படித்தான். வடிவக் கோளாறுக்கு எடை வைத்துச் சமன் செய்ய முயல்வது, கால் வலிக்குத் தலையில் எண்ணெய் தேய்ப்பது போன்றது. பலர் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள்.

வடிவம் ஏன் கெட்டது? மிஸ்திரி டயரின் ஓரத்தைக் காட்டுகிறார். ரிம்மை ஒட்டி, டயரின் பக்கச் சுவரில் மெல்லிய வரம்பு ஒன்று சுற்றிலும் ஓடுகிறது. அந்த வரம்புக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே வால்வின் பக்கம் ஒரு விரல் இடைவெளி. எதிர்ப் பக்கம் இரண்டு விரல். போன வாரம் பஞ்சர் ஒட்டியபோது டயர் ரிம்மில் நேராக உட்காரவில்லை. கோணலாகவே காற்று அடித்துவிட்டார்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடல் காற்று. உப்பும் ஈரமும் ரிம்மைத் தின்னும். டயர் உட்காரும் இடத்தில் துரு ஏறிக் கட்டியானால் டயர் நேராக உட்காராது. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்து, பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகே டயர் மாட்ட வேண்டும். கம்ப்ரஸர் தொட்டியின் அடியிலும் தண்ணீர் சேரும். அதை நாள்தோறும் திறந்து வடிக்காவிட்டால் காற்றோடு தண்ணீரும் டயருக்குள் போகும்.

சரி. டயரை இறக்கி மறுபடி மாட்ட வேண்டும். பையன் சுறுசுறுப்பானவன். வீல் ஸ்பேனரை எடுத்து நட்டுகளைக் கழற்றுகிறான். சக்கரத்தைத் தரையில் சாய்க்கிறான். லாக் ரிங்கைக் கழற்றுவதற்குச் சுத்தியலை ஓங்குகிறான்.

"டேய்! கையை எடு! தள்ளிப் போ!"

மிஸ்திரி கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்க்கிறது. பையனின் சட்டையைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளுகிறார். பையனுக்குக் கோபம். என்ன தப்பு செய்தோம் என்று தெரியவில்லை.

டயரில் காற்று இருந்தது.

நண்பர்களே, இந்த ஒரு இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். பழைய வகை லாரிச் சக்கரத்தில் ரிம் ஒரே துண்டு அல்ல. டயரை மாட்டிய பிறகு ஒரு வளையத்தைப் போட்டு, அது கழலாமல் லாக் ரிங் என்ற பிளவுபட்ட இரும்பு வளையத்தால் பூட்டுவார்கள். ட்யூபும் பிளாப்பும் போட்ட டயர்களில் இன்றும் இந்த வகை ரிம் உண்டு. உள்ளே 100 பவுண்டு காற்று. ஒரு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு என்பது அதன் பொருள். டயரின் பக்கம் முழுவதும் எத்தனை சதுர அங்குலம்? கணக்குப் போட்டால் அந்த வளையங்களைக் காற்று வெளியே தள்ளும் விசை 15 டன்னுக்கும் மேல் வருகிறது. ஒரு லாரிச் சுமை. அந்தச் சுமையைத் தடுத்து நிற்பது அந்த ஒரு லாக் ரிங்தான்.

அது துருப்பிடித்திருந்தால், வளைந்திருந்தால், பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருந்தால், அல்லது காற்று இருக்கும்போது சுத்தியலால் தட்டினால், வெடித்துப் பறக்கும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். எதிரில் தலை இருந்தால் தலை போகும். இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் பஞ்சர் கடைகளில் இப்படி உயிர் போயிருக்கிறது. 

பையன் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு மிஸ்திரி அவனிடம் மெதுவாகச் சொல்கிறார். வால்வின் ஊசியைக் கழற்ற வேண்டும். காற்று முழுவதும் போகும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு கம்பியை வால்வுக்குள் விட்டு, துளை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதெல்லாம் வீல் நட்டைக் கழற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரமாக இருந்தால் இரண்டிலும் காற்றை இறக்க வேண்டும். அதற்குப் பிறகே சுத்தியல்.

மறுபடி காற்று அடிக்கும்போதும் அப்படித்தான். லாக் ரிங் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்து அடிப்பதே நல்லது. கூண்டு இல்லாத கடையில் கனமான சங்கிலியால் ரிம்மையும் டயரையும் சேர்த்துக் கட்டுவதுண்டு. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், ஆனால் கூண்டுக்கு ஈடாகாது. நீளமான குழாய் வேண்டும். காற்று முனை தானாக வால்வைக் கவ்விக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். அடிப்பவர் சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்கக்கூடாது, பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். பாதிக் காற்றில் ரிங் கோணலாகத் தெரிந்தால் தட்டிச் சரி செய்யக்கூடாது. காற்றை முழுவதும் இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில கடைகளில் காற்று அடிக்கும்போது டயரின் மேல் ஏறி நிற்பார்கள். அதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

இன்னொரு செய்தி. வளைந்த லாக் ரிங்கை அடித்து நிமிர்த்தி மறுபடி போடுவது, வேறு கம்பெனி ரிம்மின் ரிங்கைப் பொருத்துவது, இரண்டும் சிக்கனம் இல்லை. ஒரு ரிங்கின் விலை எங்கே, ஒரு பிள்ளையின் தலை எங்கே?

மிஸ்திரி ரிம்மைத் துருப் போகத் தேய்க்கிறார். டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுகிறார். கிரீஸோ டீசலோ தடவவில்லை. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். சோப்புத் தண்ணீர் வழுக்கிக்கொடுத்துவிட்டுக் காய்ந்துவிடும். பிறகு டயரின் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் புள்ளியைத் தேடுகிறார். பல கம்பெனிகள் புது டயரில் அந்தப் புள்ளி வைக்கின்றன. டயரின் கனம் குறைந்த இடம் அது. வால்வு உள்ள இடம் சற்றுக் கனம். மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேரே வைத்து மாட்டினால் கனமும் கனக்குறைவும் சரிக்குச் சரியாகிவிடும். காசு செலவில்லாத சமன்பாடு. பழைய டயரில் புள்ளி அழிந்திருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

காற்று அடித்தாயிற்று. விரல் வைத்துப் பார்த்தால் சுற்றிலும் ஒரே இடைவெளி. சாக்பீஸ் ஒரே மாதிரி உரசுகிறது. வடிவம் சரி. இப்போதுதான் எடைக்கு வரலாம்.

இங்கே தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியில் தூக்கிய முன்சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி விடுகிறார் மிஸ்திரி. அது சுற்றி, தளர்ந்து, முன்னும் பின்னும் ஆடி நிற்கிறது. அடியில் உள்ள இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மறுபடி சுழற்றுகிறார். கோடு போட்ட இடமே அடியில் வந்து நிற்கிறது. மூன்றாம் முறையும் அப்படியே. ஆகவே கனமான பக்கம் அதுதான்.

எதிர்ப் பக்கத்தில் எவ்வளவு எடை வைப்பது? மிஸ்திரிக்கு ஒரு வழி தெரியும். ஈரக் களிமண்ணை உருட்டி, ரிம்மில் கோட்டுக்கு நேர் எதிரே ஒட்டுகிறார். சுழற்றிப் பார்க்கிறார். இன்னும் கோடு அடியில் வருகிறது. இன்னும் கொஞ்சம் களிமண். சுழற்றுகிறார். இப்போது சக்கரம் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது. தேங்காயின் குணம் போய்விட்டது. களிமண்ணை வழித்து, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்தால் 250 கிராம். தொல்லை கொடுத்தது மண், அதைச் சரிசெய்ய அளவு சொன்னதும் மண். பையனுக்கு இப்போதுதான் சிரிப்பு வருகிறது.

அந்த 250 கிராமையும் ஒரே ஓரத்தில் அடிக்கவில்லை. ரிம்மின் வெளி ஓரத்தில் பாதி, உள் ஓரத்தில் பாதி வைக்கிறார். ஒரே பக்கம் வைத்தால் சக்கரம் மேலும் கீழும் குதிப்பது நின்று, இடமும் வலமும் நெளியத் தொடங்கும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. லாரி பேரிங்கில் கிரீஸ் இறுக்கம் இருப்பதால் சிறிய வேறுபாடு தெரியாது. பின்சக்கரம் எஞ்சினோடு இணைந்திருப்பதால் இப்படித் தானாகச் சுழலாது. இடவல நெளிவை முழுமையாகக் கண்டுபிடிக்கச் சக்கரத்தை வேகமாகச் சுழற்றும் இயந்திரம் வேண்டும். நகரத்தில் லாரிச் சக்கரத்துக்கு ஏற்ற இயந்திரம் இருந்தால் அங்கே கொண்டுபோவது நல்லது. இல்லாத இடத்தில் மிஸ்திரியின் களிமண்ணே போதும்.

வெளிநாடுகளில் மண்சாலை வண்டிகளுக்கு வேறொரு வழியும் வைத்திருக்கிறார்கள். டயருக்குள்ளே சின்னச் சின்ன மணிகளைக் கொட்டிவிடுவார்கள். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது, குலுங்கலே அந்த மணிகளைக் கனம் குறைந்த பக்கத்துக்குத் தள்ளிச் சமன் செய்துவிடும். வண்டி நின்றால் மணிகள் கீழே விழும். மறுநாள் மறுபடி தம் இடத்தைத் தேடிக்கொள்ளும். மண் ஒட்டினாலும், டயர் தேய்ந்தாலும் அதற்கேற்ப இடம் மாறிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் டயருக்குள் ஈரம் இருந்தால் மணிகள் கட்டியாகிவிடும். பிறகு அவையே ஒரு பக்கக் கனம். நம் ஊர் ஈரத்தில் யோசித்துத்தான் செய்ய வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று ட்யூபுக்குள் ஆற்று மணலைப் போட்டுவிடாதீர்கள். அது ட்யூபை அரைத்துவிடும்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சக்கர எடைகள் பலகாலம் ஈயத்தில்தான் செய்யப்பட்டன. ஈயம் நஞ்சு. ஐரோப்பிய நாடுகள் 2005 முதல் புதுக் கார்களில் அதை விலக்கிவிட்டன. இரும்பு, துத்தநாக எடைகள் வந்துவிட்டன. சாலையில் கிடக்கும் ஈயக்கட்டியைக் குழந்தைகள் எடுத்து விளையாடக்கூடாது. வலைக்குக் குண்டு செய்ய அதை வீட்டு அடுப்பில் உருக்கவும் கூடாது.

பின்சக்கரங்களையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார் மிஸ்திரி. இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே ஒரு கல் இறுகச் சிக்கியிருக்கிறது. குவாரி வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். அது டயரை அறுக்கும். அதைவிட மோசம், வேகம் கூடும்போது கவண்கல் போலப் பறக்கும். பின்னால் சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். ஆகவே குவாரியை விட்டு வெளியே வரும்போது ஒரு முறை இறங்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

இரட்டைச் சக்கரத்தில் ஒன்று புது டயர், இன்னொன்று தேய்ந்த டயர் என்று போட்டாலும் கெடுதி. பெரியது முழுப் பாரத்தையும் தாங்கிச் சூடாகும். சிறியது தரையில் இழுபட்டுத் தேயும். காற்றளவும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் காற்று கூடித்தான் காட்டும். கூடிவிட்டதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்துபோகும்.

பையன் ஸ்டெப்னியைப் பார்த்து, "இதுல என்னமோ எழுதியிருக்கே மிஸ்திரி?" என்கிறான். அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவன்.

"படி."

"பத்து... சைபர் சைபர்... கோடு... இருபது."

10.00-20. முதல் எண் டயரின் அகலம், 10 அங்குலம். இரண்டாவது எண் ரிம்மின் குறுக்களவு, 20 அங்குலம். இந்த எண் ஒத்துப்போகாத டயரை அந்த ரிம்மில் ஏற்றக்கூடாது. பக்கத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3422 என்று இருந்தால், 2022-ஆம் ஆண்டின் 34-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. கடைக்காரர் புதுசு என்று சொன்னால், அந்த நான்கு இலக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். பட்டன் எவ்வளவு தேயலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. லாரி டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மொட்டை டயர் மழையில் வழுக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கழித்த டயரை வாசலில் போட்டு வைக்காதீர்கள். அதில் மழைத் தண்ணீர் தேங்கும், டெங்குக் கொசு முட்டையிடும். இது சக்கரப் பேச்சில் சேராது என்றாலும், சௌல்தாரி மழையில் சொல்லாமல் விட முடியவில்லை.

கடைசியாக நட்டு முடுக்குகிறார்கள். வரிசையாகச் சுற்றி முடுக்கினால் ரிம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். செய்த வேலை எல்லாம் வீண். ஒன்றை முடுக்கினால் அடுத்து அதற்கு நேர் எதிரே உள்ளதை முடுக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் பாதி, பிறகு முழுவதும். பத்து நட்டுகளையும் பையன் அந்த முறையில் முடுக்குகிறான். மிஸ்திரி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கிறார்.

ஓட்டுநர் கூலியைக் கொடுக்கிறார். புது டயரின் விலையில் அது ஒரு மூலைக்கும் வராது. வண்டியைக் கிளப்பும்போது மிஸ்திரி கை காட்டி நிறுத்துகிறார்.

"தம்பி, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினதும் நிறுத்தி, நட்டை இன்னொரு தடவை முடுக்கிருங்க. புதுசா மாட்டின சக்கரம் கொஞ்சம் இளகும்."

தார்ச்சாலையில் வேகம் 40, 50, 55 என்று ஏறுகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கில் இரண்டு விரலை மட்டும் வைத்துப் பார்க்கிறார். உதறல் இல்லை. 50 கிலோமீட்டர் ஆனதும் ஓரமாக நிறுத்துகிறார். சொல்லாமலே பையன் ஸ்பேனரோடு இறங்குகிறான். மூன்று நட்டுகள் கால் சுற்று போகின்றன.